லிபரேட்டருக்கு எந்த நிறம் உரியது?

நாலு எஞ்சின் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு திருமணத்துக்காக டெல்லி சென்றிருந்தபோது, ஊர் திரும்பும் நாளில் கிடைத்த அரைநாளைப் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் கழித்தேன். (பாலம் என்பது அங்கே ஊரின் பெயர், ஆற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) வபிட்டி, ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் ஆகிய பழைய போர் விமானங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், திறந்தவெளியில் இரட்டை வாலுடன் ஒரு பெரிய விமானம் நின்றுகொண்டிருந்தது. எச்இ 924 என்ற எண் கொண்ட பி-24 லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். நான்கு எஞ்சின், 110 அடி இறக்கை, கொழுத்த உடலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒடுங்கிய இறக்கை. தகடுகளைப் பூட்டும் ரிவெட் ஆணிகளுக்கு நடுவே தகடு இலேசாகக் குழிந்திருப்பதால், மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது அதன் பக்கவாட்டு முழுவதும் பின்னிய பாயைப் போலத் தெரிந்தது. நான் போர் விமானப் படங்களைச் சிறுவயதிலிருந்து சேர்த்து வருகிறவன். எந்தப் படத்திலும் அந்தப் பாய்ப் பின்னலைக் கண்டதில்லை.

இந்த விமானம் நம்மிடம் வந்து சேர்ந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியாவில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய லிபரேட்டர்கள், போர் முடிந்ததும் கான்பூரில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அவை கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் அமெரிக்கா கொடுத்தவை. போர் முடிந்தபின் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும். அமெரிக்காவிலேயே குண்டுவீச்சு விமானங்களை ஆயிரக்கணக்கில் உருக்கிக்கொண்டிருந்த காலம் அது. திருப்பி அனுப்பினாலும் வாங்கி வைத்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே இனி ஒருபோதும் பறக்கக் கூடாது என்பதற்காக, எஞ்சின்களில் மணலைக் கொட்டியும் கருவிகளை உடைத்தும் அவற்றைக் குலைத்துப்போட்டுவிட்டுப் பிரிட்டிஷார் கிளம்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லாத இந்திய விமானப்படைக்கு, அந்தக் குப்பைமேடு நினைவுக்கு வந்தது. பெங்களூரிலிருந்த அன்றைய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் தொழிலாளர்கள் கான்பூர் சென்று, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, ஒவ்வொன்றாகப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி, ஜிம்மி என்று அழைக்கப்பட்டவர், அவற்றை அங்கிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பெங்களூர் சேர்த்தார். இப்படி மீண்டவை நாற்பதுக்கும் மேல். 1948 நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு இவற்றைக் கொண்டே தொடங்கப்பட்டது. பின்னர் 6ஆம் ஸ்குவாட்ரன் கடற்கண்காணிப்புக்காக வைத்திருந்து, 1968 இறுதியில் ஓய்வு கொடுத்தது.

என் கேள்வி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. லிபரேட்டர்கள் 18,000க்கும் மேல் கட்டப்பட்டன. அமெரிக்கா கட்டிய இராணுவ விமானங்களிலேயே எண்ணிக்கையில் முதலிடம் அதற்குத்தான். இன்று உலகம் முழுவதும் முழு உருவில் எஞ்சியவை ஒரு டஜனைச் சுற்றியே இருக்கும். அவற்றில் குறைந்தது ஆறு நம் விமானப்படையிலிருந்து போனவை அல்லது நம்மிடம் இருப்பவை: பாலம், லண்டன் ஹெண்டன், கனடாவின் ஒட்டாவா, அரிசோனாவின் பிமா, புளோரிடாவில் ஒன்று, அமெரிக்காவில் பல ஆண்டுகள் பறந்து காட்டிய காலிங்ஸ் அறக்கட்டளையின் விமானம் ஒன்று. ஆனால் இந்திய மூவண்ண வட்டத்தோடு நிற்பது பாலத்தில் உள்ளது மட்டுமே. மற்றவற்றின்மேல் பிரிட்டிஷ் நிறம், கனடிய நிறம், அமெரிக்க நிறம். அவற்றைக் காயலான் கடைக்குப் போகாமல் காத்தது இந்தியாவில் கழிந்த இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகள்தாம் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டன. ஓர் அருங்காட்சியகம் இப்படிச் செய்வது முறைதானா என்று உறுப்பினர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

ரிவெட் துப்பாக்கி

நான் விமானப்படையில் எஞ்சின் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். தாம்பரத்தில் பயிற்சி முடித்து டக்கோட்டா விமானங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். லிபரேட்டரில் நான் கைவைத்ததில்லை என்றாலும், அதன் எஞ்சின் எனக்கு அந்நியமானதல்ல. டக்கோட்டாவில் இரண்டு இருந்த அதே பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் குடும்பத்து எஞ்சின்தான் லிபரேட்டரில் நான்கு இருந்தது. பதினான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 குதிரைத்திறன். லிபரேட்டரில் உயரத்தில் பறப்பதற்காக, மெல்லிய காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ சூப்பர்சார்ஜர் கூடுதலாக உண்டு. டக்கோட்டாக்கள் நம் நாட்டில் நிறைய இருந்ததும், அவற்றின் எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இருந்ததும் அந்த நாற்பது விமானங்கள் இருபது ஆண்டு ஓடியதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பெங்களூர்த் தொழிற்கூடமும் வெறுங்கையோடு தொடங்கவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படைக்காக விமானங்களைப் பழுதுபார்த்த இடம் அது.

மணல் போட்ட எஞ்சின் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அது என்ன வேலை என்பதைச் சொல்லுகிறேன். நட்சத்திர வடிவ எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும்; கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். சும்மா நிறுத்தி வைத்தாலே எண்ணெய் மெல்லக் கசிந்து அந்தக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். ஆகவே காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, இரண்டு மூன்று பேர் புரொப்பெல்லரைக் கையால் தள்ளித் தள்ளிச் சுற்றுவோம். எங்காவது தடுத்தால் அதற்குமேல் தள்ளக் கூடாது. கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும், அவசரப்பட்டால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எண்ணெய்க்கே இந்த மரியாதை என்றால், மணல் போன எஞ்சினை என்ன செய்வது? முழுவதும் பிரித்து, ஒவ்வொரு எண்ணெய் வழியையும் கழுவி, பேரிங்கை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு விமானத்துக்கு நான்கு முறை.

நிறத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. பெயிண்ட் வரும், போகும். உலோகம் போனால் வராது. அந்தக் காலத்து அலுமினியக் கலவையில் ஈரம் இறங்கினால், பார்வைக்கு மேலே பளபளப்பு இருக்கும். உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டிருக்கும், நனைந்து காய்ந்த பழைய புத்தகம் போல. திறந்தவெளியில் நிற்கும் எந்த விமானத்துக்கும் இதுவே விதி. நிற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் மேலே கூரை உண்டா என்று கேட்க வேண்டும்.

ஹெண்டன் பக்கத்து வீடு

இழையைத் தொடங்கிய நண்பரின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஹெண்டன் விமானத்தை அந்தப் பட்டியலில் சேர்த்தது சரியல்ல என்று நினைக்கிறேன். அதன் எண் கேஎன் 751. 1945இல் இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவில் இருந்த பிரிட்டிஷ் 99ஆம் ஸ்குவாட்ரனில் உண்மையாகவே இயங்கிய விமானம் அது. இந்திய விமானப்படை அதை 1974இல் அன்பளிப்பாகக் கொடுத்தது. பறந்தே பிரிட்டன் வந்து சேர்ந்தது. இன்று அதன்மேல் இருப்பது அந்த 99ஆம் ஸ்குவாட்ரனின் நிறம். அதாவது அது தன் சொந்தச் சட்டையைத்தான் போட்டிருக்கிறது. இரண்டு சட்டைகளில் முதலாவதை. பிமாவில் உள்ளது அப்படியல்ல. அது பிரிட்டிஷாருக்கும் பின்னர் இந்தியாவுக்கும் உழைத்த விமானம். 1969இல் இந்தியாவிலிருந்து பறந்து அரிசோனா போனது. இங்கிலாந்தின் பங்கே என்ற ஊரிலிருந்து இயங்கிய அமெரிக்கக் குழுவின் 'பங்கே பக்கரூ' என்ற பெயரை அதன் மூக்கில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழுவில் அது ஒருநாளும் இருந்ததில்லை. இந்த இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெண்டனில் எனக்கு மிகப் பிடித்தது லிபரேட்டர் அல்ல. பெயிண்டே அடிக்கப்படாத, ஹாலிஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். எண் டபிள்யூ 1048. 1942 ஏப்ரலில், நார்வேயின் கடற்கழி ஒன்றில் ஒளிந்திருந்த டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, அடிபட்டு, உறைந்து கிடந்த ஹொக்லிங்கன் ஏரியின் பனிக்கட்டிமேல் வயிற்றால் இறங்கியது. உள்ளே இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். மற்றவர்கள் சுவீடனுக்குத் தப்பிவிட, கணுக்கால் முறிந்த எஞ்சினியர் மட்டும் சிறைப்பட்டார். பின்னர் விமானம் பனிக்கட்டியைத் துளைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கிவிட்டது. 1973இல் முக்குளிப்போர் அதை மேலே கொண்டுவந்தார்கள். சரிசெய்யத் தொடங்கியவர்கள் நல்லவேளையாக நடுவில் நிறுத்திவிட்டார்கள். இன்று அது துருவும் கிழிசலுமாக, எந்த இடத்தில் தகடு மடங்கியதோ அந்த மடிப்போடு அப்படியே இருக்கிறது. அதன் அருகில் போகும்போது பள்ளிப் பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதே கூடத்தில் 137 தாக்குதல்கள் சென்று திரும்பிய லங்காஸ்டர் ஒன்று, மூக்கில் குண்டுப் படங்கள் வரிசையாக வரையப்பட்டு, சுத்தமாக நிற்கிறது. அதன் கீழே எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், யாரும் மௌனமாவதில்லை.

ஹாலிஃபாக்ஸ்கள் 6,176 கட்டப்பட்டன. போருக்குப் பின் ஒன்றைக்கூட முழுதாக வைக்கவில்லை; அத்தனையையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள். ஸ்டெர்லிங் என்ற குண்டுவீச்சு விமானத்தின் கதி இன்னும் மோசம். ஏரியில் கிடந்ததுகூட முழு உருவில் கிடைக்கவில்லை. ஆகவே ஏதோ ஒரு நிறத்தில் கேஎன் 751 இருப்பதே பெரிது என்ற ரிவெட் துப்பாக்கி ஐயாவின் பக்கம்தான் நானும்.

பலாலிக் காற்று

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இப்போது ரொறன்ரோவுக்கு அண்மையில் வாழ்கிறேன். இந்த இழையில் எனக்கு இரண்டு பக்கத்தாலும் உறவு இருக்கிறது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பலாலி ஓடுபாதை மகாயுத்தக் காலத்தில் பிரித்தானியர் அமைத்தது. காங்கேசன்துறைத் தளம் என்றுதான் அவர்களுடைய பதிவுகளில் வரும். 1944இல் லிபரேட்டர்களைக் கொண்ட 160ஆம் ஸ்குவாட்ரன் சிகிரியாவிலிருந்து அங்கு வந்து, பின்னர் மின்னேரியாவுக்குச் சென்றது. மின்னேரியாவிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூர்க் கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டு, இருபது மணித்தியாலங்களுக்கு மேல் நிலத்தில் கால் வைக்காமல் திரும்பி வந்தவர்கள் அவர்கள். நாலு இயந்திரத்துக்காரன் என்று அந்த விமானத்தைச் சொல்லுவார்கள் என்று என் பாட்டனார் வாயால் கேட்டிருக்கிறேன். அது லிபரேட்டர்தான் என்று விளங்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

ஒட்டாவாவில் உள்ளது எச்இ 773. 1968இல் கனடிய விமானப்படையினர் இந்தியாவுக்கு வந்து அதை ஓட்டிச் சென்றார்கள். பதிலுக்கு லைசாண்டர் என்ற சிறிய விமானம் ஒன்று இந்தியாவுக்குக் கொடுக்கப்பட்டது. நண்பர் பாலத்தில் லைசாண்டரைக் கண்டிருப்பாராக இருந்தால், அது இந்தப் பண்டமாற்றில் போனது. கனடிய 11ஆம் ஸ்குவாட்ரனின் வெள்ளையும் சாம்பலும் அதற்குப் பூசப்பட்டிருக்கின்றன. அத்திலாந்திக்கில் நீர்மூழ்கிகளைத் தேடித் திரிந்த கனடியர்களுக்கு வேறு லிபரேட்டர் எஞ்சவில்லை. அவர்கள் எதைத்தான் காட்டுவது?

நிறம் மாற்றுவதை நான் முழுப் பொய்யாக நினைக்காததற்கு ஒரு காரணம் ஹமில்ரனில் இருக்கிறது. அங்குள்ள லங்காஸ்ரர் எஃப்எம் 213, உலகில் இன்றும் பறக்கும் இரண்டில் ஒன்று. மற்றது பிரித்தானியாவின் பிஏ 474. 2014இல் இது கடல் கடந்து போய் அதனோடு சேர்ந்து பறந்தது. எஃப்எம் 213 கட்டி முடிந்தது 1945 யூலையில். ஐரோப்பிய யுத்தத்தில் அது ஒரு குண்டும் போடவில்லை. பின்னர் கடற்கண்காணிப்பில் உழைத்து, ஓய்வுபெற்று, ஒன்ராறியோவின் கொடெரிச் என்ற ஊரில் தூண்களின்மேல் நினைவுச் சின்னமாக ஏற்றிவைக்கப்பட்டது. பத்து வருடத்துக்கு மேல் பாடுபட்டு 1988இல் அதைத் திரும்பப் பறக்கவைத்தார்கள். இன்று அது கேபி 726 என்ற இன்னொரு விமானத்தின் இலக்கத்தோடு பறக்கிறது. அந்த விமானம் 1944 யூன் 12ஆம் திகதி இரவு பிரான்சின்மேல் தீப்பற்றியது. வாலில் சிக்கிக்கொண்ட சகாவை மீட்பதற்காக அண்ட்ரூ மைனார்ஸ்கி என்ற வின்னிபெக் இளைஞன் தீக்குள்ளால் தவழ்ந்து போனான்; கோடரியாலும் கையாலும் முயன்று முடியாமல், தன் உடையில் நெருப்போடு, போகும்போது வாலை நோக்கி ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தான். அவன் இறந்தான். சிக்கியிருந்தவர் விமானம் நிலத்தில் மோதியபோது வெளியே எறியப்பட்டுப் பிழைத்தார். அவர் பிழைத்ததால்தான் இந்தக் கதை உலகுக்குத் தெரிந்தது. அந்த இலக்கத்தை எஃப்எம் 213 சுமப்பதை நான் களவு என்று சொல்லமாட்டேன்.

நாலு எஞ்சின்

பலாலிக் காற்று அண்ணாவின் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இரண்டு இடங்களில் என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஹெண்டன் விமானம் தன் சொந்த நிறத்தில்தான் இருக்கிறது; ஒப்புக்கொள்கிறேன். இறந்த ஒருவருக்காக வேறொரு விமானத்தின் எண்ணைச் சுமப்பது மாலை சாத்துவதைப் போன்றது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரியவந்தது. சோழருடையதுதான் பழையது, பெருமைக்குரியது என்று மேலடுக்கைச் சுரண்டி எறிந்துவிடவில்லை. பின்னாளில் தொல்லியல் துறையினர் நாயக்கர் அடுக்கைப் பெயர்த்தெடுத்துத் தனியே காப்பாற்றினார்கள். இரண்டும் அந்தச் சுவருக்கு நேர்ந்தவை என்பதால் இரண்டும் வேண்டியிருந்தன. லிபரேட்டரில் 1945க்கு ஓர் அடுக்கு, 1948 முதல் 1968 வரை ஓர் அடுக்கு. வெளிநாட்டுக் காட்சியகங்களில் முதல் அடுக்கைத் தேடி எடுத்தார்கள், அல்லது இல்லாத ஓர் அடுக்கைப் புதிதாக வரைந்தார்கள். இரண்டாவது அடுக்கை யாரும் தேடவில்லை. காலிங்ஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர் அதை இந்தியாவிலிருந்து வாங்கிப் போனார். அவரிடமிருந்து அமெரிக்கா சென்று, 1989இல் பறந்தது. அதற்குப் பிறகு மூன்று முறை பெயர் மாறி, மூன்று முறையும் அமெரிக்கக் குழுக்களின் பெயரையே ஏற்றது. மூன்று முறை சட்டை மாற்ற இடமிருந்த உடம்பில், நான்காவதாக ஓர் இந்தியச் சட்டைக்கு இடமில்லாமல் போனதா என்பதுதான் என் கேள்வி.

தோட்டத்துப் பிள்ளை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். விமானங்களைப் பற்றி உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு நேரம் எஞ்சினையும் நிறத்தையும் பேசிய நீங்கள், அவை சுமந்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே என்பதால் வருகிறேன்.

ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கல்லறையில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் போனார், திரும்பவில்லை. அந்த ரயில்பாதையின் பாலங்களைக் குண்டுபோட்டு உடைத்தவை இதே லிபரேட்டர்கள்தாம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்றும் அந்த இரும்புப் பாலத்தைப் பார்க்கலாம். அதன் கண்களில் பெரும்பாலானவை மேலே வளைவாக இருக்கும். நடுவில் இரண்டு மட்டும் கோணலாக, பட்டையாக இருக்கும். குண்டில் போனவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை அவை. சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் நடந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். பாதைக்கு அருகிலிருந்த முகாம்களில் குண்டு விழுந்து கைதிகளும் செத்தார்கள். போட்டது தங்களைக் காப்பாற்ற வந்த படை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் குண்டு விலகி விழவில்லை.

நான் இவற்றை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பாலம் உடைந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் விமானத்தின் எதிரே இருக்கும் பலகையில் எஞ்சின் திறனும் இறக்கை நீளமும் இருப்பதுபோல், அது எங்கே போட்டது, கீழே யார் இருந்தார்கள் என்பதும் இருக்க வேண்டாமா?

ஹெண்டன் பக்கத்து வீடு

இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பலகையை எழுத முயன்றவர்கள் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். ஹிரோஷிமாவில் குண்டுபோட்ட எனோலா கே என்ற பி-29ஐ வைத்து, ஐம்பதாம் ஆண்டான 1995இல் வாஷிங்டனின் தேசிய விமான விண்வெளி அருங்காட்சியகம் ஒரு பெரிய கண்காட்சிக்குத் திட்டமிட்டது. கீழே இருந்தவர்களையும் காட்டுவோம் என்றது. முன்னாள் படைவீரர் அமைப்புகள் கொதித்தன, அமெரிக்கக் காங்கிரஸ் தலையிட்டது, திட்டம் கைவிடப்பட்டது, இயக்குநர் பதவி விலகினார். விமானத்தின் முன்பகுதியை மட்டும் சுருக்கமான குறிப்போடு வைத்தார்கள். 2003இல் வர்ஜீனியாவில் முழு விமானமும் வைக்கப்பட்டபோதும், பலகையில் பெரும்பாலும் தொழில்நுட்ப விவரங்களே இருந்தன. இம்முறை எதிர்த்தவர்கள் மறுதரப்பினர். இறக்கை நீளத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. அதனால்தான் பலகைகளில் இறக்கை நீளம் மட்டும் மிஞ்சுகிறது.

ரிவெட் துப்பாக்கி

தோட்டத்துப் பிள்ளை எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பறக்க வைப்பதைப் பற்றி இருவர் பெருமையாக எழுதியிருந்தார்கள். என் அனுபவத்தில் அது பெருமையை விடப் பயம் தருகிற காரியம். 2019 அக்டோபரில் கனெக்டிகட்டில் பயணிகளை ஏற்றிப் பறந்த பி-17 என்ற பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று, புறப்பட்ட சில நிமிடங்களிலேயே எஞ்சின் கோளாறுடன் திரும்பி இறங்கும்போது மோதி, ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டல்லஸ் விமானக் காட்சியில் இன்னொரு பி-17மீது சிறிய போர் விமானம் ஒன்று மோதியதில் ஆறு பேர் போனார்கள். 2023இல் பி-17களின் இறக்கையை உடலோடு இணைக்கும் பொருத்துகளைச் சோதிக்கச் சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. பாகங்களைக் கழற்றாமல் அந்தப் பொருத்தை முழுதாகப் பார்க்க முடியாது. எண்பது வயதுக் கிழவரின் இடுப்பு எலும்பைச் சோதிப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையே ஓர் ஆபரேஷன்.

தவிர, பறக்கும் விமானத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றியே ஆக வேண்டும். இருபது ஆண்டு கழித்து அதில் பழைய உலோகம் எவ்வளவு மிஞ்சும்? யார்க்‌ஷயரில் உள்ள ஹாலிஃபாக்ஸை நண்பர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் கோழிக்கூடாகப் பயன்பட்ட உடற்பகுதியில் தொடங்கி, ஹேஸ்டிங்ஸ் விமானத்தின் இறக்கையை மாட்டிக் கட்டினார்கள். உழைப்பு என்ற அளவில் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அது ஹாலிஃபாக்ஸா, ஹாலிஃபாக்ஸின் நினைவா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்லுவேன். பார்க்கப்போனால், கான்பூரில் நம்மவர்கள் செய்ததும் அதுதான். ஒன்றின் வால், மற்றொன்றின் மூக்கு. நிறத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம், உடம்பே கூட்டுக்குடும்பம்.

பலாலிக் காற்று

ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் போல ஒன்று. நீருக்குள்ளால் எடுத்ததையும் புதிதாக்கிக் காட்டலாம் என்பதற்கு இங்கு ரென்ரனில் ஒரு ஹாலிஃபாக்ஸ் உண்டு. 1995இல் நோர்வேயின் ம்யோசா ஏரியிலிருந்து எடுக்கப்பட்ட என்ஏ 337. பத்து வருட வேலைக்குப் பின் 2005இல் முடிந்தது. பூச்சும் மினுக்கமுமாக நிற்கிறது. ஹெண்டனில் கிடப்பதும் ரென்ரனில் நிற்பதும் ஒரே ரகம், இரண்டும் நோர்வே ஏரிகளில் கிடந்தவை. ஆனால் இரண்டையும் பார்த்தவனுக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். ஹெண்டனில் விபத்தைக் காண்கிறோம். ரென்ரனில் விமானத்தைக் காண்கிறோம். உள்ளே ஆட்கள் எங்கு இருந்தார்கள், எப்படித் தவழ்ந்தார்கள் என்பது அங்குதான் விளங்கியது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருக்கச் சொன்னால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஹெண்டன் பக்கத்து வீடு

நீரிலிருந்து எடுப்பது என்றதும் டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலக் கால்வாயின் குட்வின் மணற்திட்டில் கிடந்த அதை 2013 ஜூனில் தூக்கினார்கள். அந்த ரகத்தில் உலகில் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது அது ஒன்றே. கடலுப்பைப் போக்க, இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் இரண்டு பிளாஸ்டிக் கூடாரங்கள் போட்டு, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை மாதக்கணக்கில் அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். நம் வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு எலுமிச்சம்பழம் தேய்ப்பதன் பெரிய வடிவம். கடலுக்கடியில் ஓரளவு பிழைத்த உலோகம், வெளியே வந்தபின் வேகமாக உதிரக்கூடும். கூரை வேண்டும் என்று ஐயா முதலில் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நாலு எஞ்சின்

இத்தனை பதில்களுக்கும் நன்றி. ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும். வெளிப்புறம் முழுவதும் புது நிறம் அடிக்கப்பட்ட ஒரு விமானத்தில், இந்தியாவில் இருந்த காலத்தின் அடையாளம் எங்காவது தங்கியிருக்க வாய்ப்புண்டா?

ரிவெட் துப்பாக்கி

உண்டு. பெயிண்ட் அடிப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் அடிப்பார்கள். சக்கரம் மடங்கும் குழியின் உட்சுவர், எஞ்சின் மூடியின் உள்பக்கம், குண்டு அறையின் கூரை, தரைப்பலகைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்கள், இங்கெல்லாம் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு பாகத்தைக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது இடது வலது மாறாமலிருக்க மெழுகுப் பென்சிலால் குறி போடுவோம். ஒட்டுத் தகடு வைத்தால் அதன் ரிவெட் வரிசை தொழிற்சாலை வரிசையிலிருந்து சற்று விலகித் தெரியும். தொழிற்சாலையில் இயந்திரம் அடித்த வரிசை நூல் பிடித்ததுபோல் போகும். கையால் அடித்த வரிசையில் அடித்தவனுடைய கை தெரியும். பெங்களூரில் போட்ட ஒட்டுகள் எங்கும் போயிருக்காது. அவற்றைப் பிரித்தால் விமானம் பிரிந்துவிடும்.

ஹெண்டன் பக்கத்து வீடு

லிபரேட்டரின் குண்டு அறைக் கதவு, மற்ற விமானங்களைப் போலக் கீழ்நோக்கித் திறப்பதில்லை. கடை ஷட்டரைப் போலப் பக்கவாட்டில் மேலே சுருண்டு ஏறும். திறந்திருந்தால், தடுப்புக்கு வெளியே நின்று குனிந்தாலே உள்ளே நடுவில் போகும் முக்கால் அடி அகல நடைபலகையும் அதற்கு மேலுள்ள சட்டங்களும் தெரியக்கூடும். சனிக்கிழமை காலையில் கூட்டம் வருவதற்கு முன்பு டார்ச்சோடு போகிறேன் ஐயா. ரிவெட் வரிசையில் எந்த அளவு விலகல் இருந்தால் அது கையடி என்று கொள்ள வேண்டும்?

ரிவெட் துப்பாக்கி

அளவுகோல் வேண்டாம். ஒளியை நேராக அடிக்காமல் தகட்டோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நண்பர் பாலத்தில் பாய்ப் பின்னலைக் கண்டாரே, அந்தக் கோணத்தில். பின்னல் எங்கே தப்புகிறதோ அங்கே ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.